மூன்றாம் ஓலைக்கு முன் ஒரு முடிவெட்டு

என் முடி அப்போது நரைக்கவுமில்லை, கொட்டவுமில்லை. மெல்லியது, அவ்வளவுதான். காய்ந்திருந்தால் முடி, நனைந்தால் மண்டை. இருபத்தெட்டு வயதில் இதை ஓர் அரசாங்க ரகசியம் போல நான் பாதுகாத்து வந்தேன்.

காரணம் இருந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் கிழக்குத் தாம்பரத்தில் எனக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள். பெண் பள்ளி ஆசிரியை. அந்த வீட்டு மூத்த மருமகன் கல்யாணமான இரண்டாம் ஆண்டிலேயே முழு வழுக்கையாகிவிட்டார். அதை அந்தக் குடும்பம் வயதின் வேலையாகக் கருதவில்லை, மோசடியாகக் கருதியது. ஆகவே என்னை ஆராயும் பொறுப்பு பெண்ணின் தாய்மாமனிடம் ஒப்படைக்கப்பட்டது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். நிச்சயதார்த்தத்தன்று அவர் என் முகத்தைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

"உங்க அப்பாவுக்கு முடி எப்படி, தம்பி?"

"இருந்தது சார்."

"இருந்ததா, இருக்குதா?"

"அப்பா காலமாகி ஆறு வருஷம் ஆச்சு சார்."

"அடடா. போட்டோ இருக்குமா?"

"இருக்கு சார். தலைப்பாகையோட."

அவர் தலையை ஆட்டினார். குறித்துக்கொண்டார் என்று அதற்குப் பொருள்.

எங்கள் சபைகளில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை சொல்ல நியாயமான காரணம் உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்று போதகர் அறிவிப்பார். பெரும்பாலும் யாரும் தெரிவிக்கமாட்டார்கள். ஆனாலும் மூன்று வாரம் என்பது நீண்ட காலம். அது தொடங்குவதற்குள் என் தலையை ஒழுங்குபடுத்த நினைத்து, தாம்பரம் மார்க்கெட் அருகே ஒரு சலூனுக்குப் போனேன். செய்த தவறு அதுதான்.

நான் கேட்டது பத்து வருடத்துக்கு முந்தைய அதிகாரிகள் கிராப்பு. காதோரம் குட்டை, மேலே சீராக, பக்கத்தில் ஒரு வகிடு. அப்போதோ காதை மூடி வளர்ப்பதுதான் நாகரிகம்.

"இன்னா சார் நீ, தாத்தா கிராப்பு கேக்குறே?" என்றார் சலூன்காரர். "ஸ்டெப்பு வுடலாம் சார். ஜம்முனு இர்க்கும்."

"ஸ்டெப் வேண்டாம். சொன்னதை வெட்டுங்க."

"செரி செரி, நீ கம்முனு குந்து."

தண்ணீரைப் பீய்ச்சினார். பிறகு சீப்பு போலப் பல் வைத்த ஒரு கத்தரியை எடுத்து மேல்முடியைக் கலைத்துவிட்டார். அடர்ந்த முடிக்காரர்களுக்கு அது பாரத்தைக் குறைக்கும். எனக்குக் குறைப்பதற்கு என்ன இருந்தது? கண்ணாடியில் உச்சி மண்டை தெரிந்தது. "காய்ஞ்சா செரியா பூடும் சார்," என்றார். காய்ந்தது; சரியாகவில்லை.

முதல் ஓலைக்கு ஒன்பது நாள் இருந்தது. அலுவலகத்தில் நான் யாரையும் நம்புவதில்லை; இருந்தாலும் எங்கள் பிரிவில் ஒருவருடைய தலை மட்டும் அதே மெல்லிய முடியோடு எப்போதும் நிறைந்து தெரிந்தது. கேட்டேன். அவர் கதவுப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, விடுப்பு விண்ணப்பத்தின் பின்புறம் பல்லாவரத்தில் ஒரு முகவரி எழுதிக் கொடுத்தார். "லேடி. ஆங்கிலோ இந்தியன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும். நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

அந்த வீட்டுக்குப் பெயர்ப்பலகை இல்லை. பலகை இல்லாத தொழிலிடத்துக்கு உரிமமும் இராது என்பது எனக்குத் தெரியும். கதவைப் பாதி திறந்தவர் நாற்பது வயதுப் பெண்மணி. பூப்போட்ட கவுன், இடுப்பில் துண்டு.

"ஜென்ட்ஸுக்கு நான் வெட்றது இல்லே மேன். யாரு நீ, முனிசிபாலிட்டியா?"

"இல்லை மேடம். தணிக்கை அலுவலகம்."

உண்மை சொல்லத் தகாத இடங்களில் அதுவும் ஒன்று. கதவு மூடத் தொடங்கியது. வேறு வழியின்றித் தலையைக் குனிந்து காட்டினேன். கதவு நின்றது.

"மை காட். யாரு இந்த வேலை பண்ணது? உள்ளே வா."

அவருடைய அப்பா ராணுவ மெஸ்ஸில் அதிகாரிகளுக்கு முடி வெட்டியவராம். மகள் வீட்டுக்குள் பெண்களுக்கு வெட்டினார். ஆண்கள் சிபாரிசில் மட்டும். தண்ணீர் தெளிக்கவில்லை. உலர்ந்த முடியை விரல்களுக்கிடையே நிமிர்த்திப் பிடித்து, நுனிகளை நேர்கோடாக வெட்டினார். "மெல்லிசு முடிய கலைக்கக் கூடாது மேன். கூட்டமா நிக்க வைக்கணும். ஆயில் தொட்டே, அப்புறம் இங்க வராதே." வகிட்டை ஒரு விரல் கீழே இறக்கினார். முக்கால் மணி நேரம். பழைய சேதம் சரியாக வாராவாரம் ஒரு முறை வரச் சொன்னார். இது ஆள் பிடிக்கும் தந்திரமோ என்று சந்தேகப்பட்டேன். ஆனால் கண்ணாடியில் ஓர் அதிகாரி தெரிந்ததால் அடுத்த வெள்ளியும் போனேன். அதற்கடுத்த வெள்ளியும் போனேன்.

பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமை சந்தை என்பது ஊரறிந்தது. தாய்மாமன் அங்கே பழைய மேசை ஒன்றுக்கு விலை கேட்க வருவார் என்பது எனக்கு மட்டும் தெரியவில்லை.

முதல் ஞாயிறு பெண்ணின் சபைக்கு நானே போய், என் தலைப்பெழுத்து சரியாக வாசிக்கப்படுகிறதா என்று கேட்டு வந்திருந்தேன். இரண்டாம் ஞாயிறும் போனேன். ஆராதனை முடிந்ததும் போதகர் என்னைப் பீடத்துக்குப் பக்கத்தில் அவர் அங்கி மாற்றும் வெஸ்ட்ரி அறைக்குக் கூப்பிட்டார். உள்ளே தாய்மாமன், எதிரே என் வருங்கால மாமனாரும் மகளும்.

"தம்பி, உங்க மேல ஒரு தடை வந்திருக்கு," என்றார் போதகர்.

"எழுத்து மூலமா வந்திருக்கா ஐயா?"

"இன்னும் இல்லை."

"வாய்மொழித் தடைக்குப் பதில் சொல்லும் கட்டாயம் எனக்கு இல்லை. எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்க."

இதைவிட முட்டாள்தனமாக நான் பேசியதில்லை. தாய்மாமன் அங்கேயே காகிதம் வாங்கி, அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார். போதகர் சத்தமாகப் படித்தார். மணமகன் இரண்டு வெள்ளிக்கிழமைகள் பல்லாவரத்தில் தனியாக வசிக்கும் ஒரு பெண்மணியின் வீட்டுக்குள் சென்று, முக்கால் மணி நேரம் கழித்து, பவுடர் வாசனையோடு வெளியே வந்ததைக் கண்ணால் கண்டதாக.

நடத்தை கெட்டவன் என்று போவதா, வழுக்கை விழப்போகிறவன் என்று போவதா? இரண்டிலும் கல்யாணம் நின்றுவிடும். எதில் மானம் மிஞ்சும் என்று கணக்குப் பார்த்தேன்.

"முடி வெட்டிக்கப் போனேன்."

"முடியா!" என்றார் தாய்மாமன். "தாம்பரத்துல இல்லாத சலூனா? வாராவாரம் வெட்ட அங்க என்ன தென்னந்தோப்பா இருக்கு?"

"இல்லாததாலதான் சார் போனேன். என் முடி ரொம்ப மெல்லிசு. மறைச்சு வெட்ட அவங்களுக்கு மட்டும்தான் தெரியும்."

மாமனார் கண்ணை மூடிக்கொண்டார். அவர் மனக்கண்ணில் மூத்த மருமகன் வந்திருக்க வேண்டும். அப்போதுதான் பெண் முதன்முறையாகப் பேசினாள்.

"முடி எனக்குத் தெரியும்ப்பா. போன வாரம் இவர் ஃபேனுக்கு நேர் கீழ உட்கார்ந்திருந்தார். நான் மேல பாட்டுக் குழுவுல நின்னேன். எல்லாம் தெரிஞ்சுது." பிறகு என்னைப் பார்த்தாள். "அந்த வீட்டைத்தான் எனக்குத் தெரியாது. வர்ற வெள்ளிக்கிழமை நானும் வரேன். மாமாவும் வரட்டும்."

தாய்மாமன் ஒரு நிபந்தனை சேர்த்தார். "தம்பி தலைக்கு எண்ணெய் வெச்சுட்டு வரணும். எண்ணெயிலதான் உண்மை தெரியும்."

வெள்ளிக்கிழமை ரயிலில் மூவரும் போனோம். நல்லெண்ணெயில் என் மண்டை விளக்குப் போல ஒளிர்ந்தது. கதவு பாதி திறந்தது. குடையும் காகித உறையுமாக நின்ற தாய்மாமனை அந்த அம்மாள் முனிசிபாலிட்டி ஆளைப் பார்ப்பது போல மேலும் கீழும் பார்த்தார்.

"மேடம், இவர் இங்க முடி வெட்டிக்கறதா சொல்றார்," என்றார் தாய்மாமன்.

"யாரு? இந்த ஆளை நான் பார்த்ததே இல்லே."

தாய்மாமன் வெற்றியோடு என் பக்கம் திரும்பினார். பெண்ணின் முகம் இறுகியது. கிழக்குத் தாம்பரம் என்னைவிட்டு வெகுதூரம் போய்விட்டதாகத் தோன்றியது. தலையைக் கவிழ்த்தேன். எண்ணெய் மின்னுவது அந்த அம்மாளின் கண்ணில் பட்டது.

"மேன்! ஆயில் வெச்சியா நீ?" என்று கத்தினார். "ஆயில் தொடாதேன்னு மூணு வாட்டி சொன்னேனா இல்லையா? எல்லாத்தையும் பாழாக்கிட்டியே, ராஸ்கல்!"

"மூணு வாட்டியா?" என்றாள் பெண். "எப்பல்லாம் ஆன்ட்டி?"

அந்த அம்மாள் தான் மாட்டிக்கொண்டதை உணர்ந்து ஒரு நொடி திகைத்தார். பிறகு கோபமே வென்றது. மூன்று வெள்ளியையும் சொன்னார், என்ன வெட்டினார் என்பதையும் சொன்னார், எங்களை உள்ளே இழுத்து என் தலையில் சீயக்காய் தேய்த்தார். முடி காயும்வரை கைவிசிறியால் பெண்ணே விசிறினாள். பிறகு தேர்வு அறைக் கண்காணிப்பாளரைப் போல, கத்தரியை விட்டுக் கண்ணெடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். கடைசியில், "இடது பக்கம் கொஞ்சம் ஏறியிருக்கு," என்றாள். அந்த அம்மாள் குனிந்து பார்த்து, "கரெக்ட்," என்று சரிசெய்தார்.

தடை எழுத்தில் வந்துவிட்டதால் அதைத் திரும்பப் பெறுவதும் எழுத்தில்தான், காரணத்தோடுதான், என்று போதகர் சொல்லிவிட்டார். என்னாலும் அதை மறுக்க முடியவில்லை. மூன்றாம் ஓலைக்கு முன் தாய்மாமன் கொடுத்த காகிதம் சபைப் பதிவேட்டோடு சேர்த்துக் கட்டி வைக்கப்பட்டது: "நேரில் விசாரித்ததில் மணமகனின் நடத்தையில் குறையில்லை, முடியில் மட்டுமே குறை என்று திருப்தியடைந்து, என் தடையை இதன்மூலம் விலக்கிக்கொள்கிறேன்."