மகள் மேல் ஒரு சத்தியம்

எண்ணுவதுதான் என் தொழில். இந்த நகரத்தில் எத்தனை பேருக்குத் தூக்கம் வருவதில்லை, எத்தனை பேர் செத்துப்போகலாமா என்று யோசிக்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு எண்ணுகிறவள் நான். மனநல மருத்துவம் படித்துவிட்டு இதைத்தான் செய்யப்போகிறேன் என்றபோது மாட்டுங்காவில் எங்கள் வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. "நோயாளியைப் பாக்காத டாக்டரா? பேசாம சென்சஸ்காரின்னு போர்டு மாட்டிக்கோ" என்றார் அப்பா. இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. அவர் சொன்னதில் பாதி உண்மை என்பதுதான் காரணம்.

ஆனால் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களை மட்டும் எண்ணினால் வராதவர்களை யார் எண்ணுவது? அதனால்தான் தாராவிக்குப் போனோம். பதில் சொல்கிறவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்பது எங்கள் ஆராய்ச்சியின் முதல் விதி. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் இருக்கிற வீட்டில் தனிமைக்கு எங்கே போவது? ஒரு வழி கண்டுபிடித்தோம். இரண்டு பேராகப் போவோம். ஒருத்தி வாசலில் பிபி மிஷினோடு உட்காருவாள். இலவசமாக பிபி பார்க்கிறார்கள் என்றால் போதும், மாமியார், நாத்தனார், எதிர்வீட்டுக்காரி என்று அந்தக் கல்லிச் சந்து முழுக்க வந்து வரிசையில் நிற்கும். அந்த நேரத்துக்குள் இன்னொருத்தி உள்ளே உட்கார்ந்து கேள்விகளை முடித்துவிடுவாள்.

இரண்டாவது விதி நான் போட்டது. சாகும் எண்ணம் பற்றிய கேள்விக்கு "ஆம்" என்று பதில் வந்தால், அந்த வீட்டு வாசலைத் தாண்டுவதற்கு முன்பே எனக்கு போன் வர வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் டாக்டரிடம் சொல்வோம் என்று ஒப்புதல் படிவத்திலும் எழுதியிருந்தேன். எல்லோரும் தலையாட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிடுகிற வரி அது.

அன்று மத்தியானம் செம்பூர் ஆபீசில் காலையில் வந்த படிவங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதெல்லாம் காகிதத்தில் பென்சிலால்தான் குறித்தோம். முப்பது வயதுகூட ஆகாத ஒரு பெண்ணின் படிவம். தூக்கமில்லை, பசியில்லை, எதிலும் மனம் போகவில்லை, நான் இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம் என்று தோன்றுகிறது. எல்லாவற்றுக்கும் ஆம். சாகும் எண்ணம் பற்றிய அந்தக் கேள்விக்கு மட்டும் "இல்லை". அந்தக் கட்டத்தில் ரப்பரால் தேய்த்துத் தேய்த்துக் காகிதம் மெலிந்திருந்தது.

அதை நிரப்பியவள் எங்கள் களப்பணியாளர்களிலேயே கெட்டிக்காரி. தாராவியிலேயே பிறந்து, தாராவியிலேயே வாக்கப்பட்டு, ஒரே மகளைத் தனியாக வளர்ப்பவள். அவளைக் கூப்பிட்டேன்.

"இது என்ன?"

"எது மேடம்?"

"தேச்சு அழிச்சிருக்கியே, இது. அவ ஆமான்னு சொன்னாளா, இல்லையா?"

"இல்லைன்னுதான மேடம் போட்டிருக்கேன்."

கத்தினேன். நான் கத்தினால் ஆபீஸ் முழுக்கக் கேட்கும். "மூளை இருக்கா உனக்கு? உயிர் போற விஷயம்! யாரைக் காப்பாத்தறதுக்கு இதை அழிச்சே?"

"எம் மவளக் காப்பாத்த" என்றாள். அழ ஆரம்பித்துவிட்டாள். "அவ எங்கையப் புடிச்சிக்கிட்டா மேடம். யார்ட்டயும் சொல்லமாட்டேன்னு உன் மவ மேல சத்தியம் பண்ணுன்னா. விடவே இல்ல. எனக்கு என்ன செய்யன்னு தெரியல, சத்தியம் அடிச்சுக் குடுத்திட்டேன். இதுக்கு மேல என்னட்ட ஒண்ணும் கேக்காதீக."

பயிற்சி வகுப்பில் எத்தனையோ சொல்லிக் கொடுத்திருந்தேன். யாராவது கையை நீட்டிச் சத்தியம் கேட்டால் என்ன செய்வது என்று சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கே தோன்றவில்லை.

வீட்டு எண் படிவத்தில் இருந்தது. அவளையும் பிபி மிஷினையும் டாக்ஸியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். சயான் நெரிசலில் வண்டி நின்றது நின்றதுதான். காலையில் கேட்ட கேள்வி. இப்போது மணி மூன்று. நடுவில் என்ன வேண்டுமானாலும் நடந்திருக்கலாம். அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று பயந்தேன். ஆராய்ச்சியை நிறுத்திவிடுவார்களே என்றும் கூடவே நினைத்தேன். சீ, நீயெல்லாம் ஒரு மனுஷியா என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவள் ஜன்னலைப் பார்த்தபடி உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு வந்தாள். மகளுக்காக வேண்டிக்கொள்கிறாள் என்று தெரிந்தது.

அந்தப் பெண் உயிரோடு இருந்தாள். தரையில் ஜீன்ஸ் பேண்ட்டுகளைக் குவித்துப்போட்டு, சின்னக் கத்திரியால் பிசிறு நூல் வெட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்திலேயே மாமியார். காலையில் எடுத்த பிபி சரியாகப் பதிவாகவில்லை, மறுபடி பார்க்க வேண்டும் என்றேன். வாசலில் மிஷினோடு உட்கார்ந்த எங்கள் களப்பணியாளரிடம் மாமியார்தான் முதலில் எழுந்து போனாள்.

உள்ளே நான் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். மெதுவாகக் கேட்டேன். சுற்றி வளைத்துக் கேட்டேன். நேராகவும் கேட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர். சும்மா டென்ஷன்." நிமிர்ந்து பார்த்தாள். "அந்த அக்கா சொல்லிட்டாகளா?"

"ஒரு வார்த்தை சொல்லலை."

"அப்ப ஒண்ணும் இல்ல."

நூலை வெட்டினாள். அவளுடைய காரணத்தை நான் இங்கே எழுதப்போவதில்லை, அது அவளுடையது. ஆனால் அன்றைக்கு எனக்கு அதுவும் தெரியாது. இப்படிப்பட்டவர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று ஊரெல்லாம் போய்ப் பாடம் எடுப்பவள் நான். அதையெல்லாம் ஒன்று விடாமல் செய்து பார்த்தேன். அவள் நூல் வெட்டிக்கொண்டே இருந்தாள். வாசலில் வரிசை குறைந்துகொண்டிருந்தது.

"அம்மா, அஞ்சு நிமிசம் அசையாம, பேசாம இருங்க. அப்பத்தான் சரியா காட்டும்" என்று வெளியே குரல் கேட்டது. மாமியார் கையில் பட்டையைக் கட்டி உட்காரவைத்துவிட்டு எங்கள் பெண் உள்ளே வந்தாள். அவளிடம் நெருங்கி உட்கார்ந்தாள்.

"ஏட்டி, நான் யார்ட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். ஒண்ணே ஒண்ணு கேக்கேன். எம் மவ மேல சத்தியம் வாங்கியிருக்க. வாங்கினவதான அத எடுக்க முடியும்? நீ போயிட்டன்னா அத யாரு எடுப்பா? எம் மவ காலம்பூரா அதத் தலையில வச்சிக்கிட்டுத் திரியணுமா?"

கத்திரி நின்றது.

"இப்பவே எடுத்திருதேன்க்கா. கையக் குடுங்க" என்றாள் அந்தப் பெண்.

எங்கள் பெண் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டாள். "மாட்டேன். இப்ப எடுத்தா நீ நிம்மதியாப் போயிருவ. நாளைக்கு இந்த டாக்டரம்மாட்ட வா. கோலி மாத்திர குடுத்தாகன்னா சாப்பிடு. நல்லா ஆனப்பொறவு எடு. அதுவரைக்கும் எம் மவ உன் பொறுப்பு."

அந்தப் பெண் குனிந்து ஜீன்ஸ் குவியலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள், சத்தமே வராமல். பிறகு எழுந்து, சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தாள். நான் பிரித்துப் பார்க்காமல் பைக்குள் போட்டேன்.

மாமியாரிடம் மருமகளுக்கு பிபி ஜாஸ்தி, ராத்திரி தனியாக விடக்கூடாது, காலையில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வர வேண்டும் என்று பொய் சொன்னேன். "ஐயையோ, பிபியா!" என்று மாரில் கை வைத்துக்கொண்டாள். மனசு சரியில்லை என்று சொல்லியிருந்தால் வாசலைக் காட்டியிருப்பாள்.

திரும்பி வரும்போது டாக்ஸியில் எனக்கு மறுபடி கோபம் வந்தது. பயம் விட்டால் எனக்குக் கோபம்தான் வரும். "எவ்வளவு துணிச்சல் உனக்கு? பெத்த பொண்ணை அடகு வச்சுட்டு வரயே!"

"நீங்கதான மேடம் சொன்னீக, உயிர் போற விஷயம்னு."

மறுநாள் பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தேன். ஒன்பதரையிலிருந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். பத்தேகாலுக்கு மாமியார் அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். படிவத்தில் அந்தக் கட்டத்தை நானே திருத்தி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். எங்கள் கணக்கில் அவள் ஓர் "ஆம்".

வருஷங்கள் ஓடிவிட்டன. அவளுக்கு மாத்திரையெல்லாம் எப்போதோ நின்றுவிட்டது. சத்தியத்தில் எல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அந்த மகளுக்கு ஒரு தும்மல் என்றாலும் ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக்கொண்டு தாராவிக்கு ஓடுகிறவள் நான்தான். அந்தப் பெண் அவ்வப்போது செம்பூர்ப் பக்கம் வந்தால் ஆபீசுக்குள் எட்டிப் பார்ப்பாள். ஒவ்வொரு தடவையும் கையை நீட்டிக்கொண்டு அதையேதான் கேட்பாள்.

"எடுத்திரட்டாக்கா?"

எங்கள் பெண் தலை நிமிராமல் படிவத்தைப் புரட்டிக்கொண்டே சொல்வாள்: "இப்ப என்ன அவசரம்? எம் மவ நல்லாத்தான் இருக்கா. பத்தாவது எழுதப் போறா."