ஐந்தாவது மடு

ஆறு வருஷம் ராத்திரி ஷிப்ட் பார்த்தவன் நான். ஒரு பேயைக்கூடப் பார்த்ததில்லை. பார்த்தது பட்டப்பகலில். மதியம் 1:15க்கு ஆரம்பித்தது. மாலை 5:12க்கு முடிந்தது. முடிந்தது என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

நேரத்தை எப்படி இவ்வளவு கச்சிதமாகச் சொல்கிறான் என்று கேட்பீர்கள். பிடிக்கிற ஒவ்வொரு மீனுக்கும் நேரம் எழுத வேண்டும். அதுதான் அந்த வேலை. அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. நான் கதை கட்டுகிற ஆள் இல்லை. அதற்கு எனக்குப் பொறுமையும் கிடையாது.

ராத்திரி வேலை ஒரு துணிக் கிடங்கில். சட்டைக் காலரில் விலைச்சீட்டு குத்துவார்களே, அந்தத் துப்பாக்கியை வைத்துக்கொண்டு இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை டக், டக், டக். ஆறு வருஷத்தில் தூக்கம் போயிற்று. பசி போயிற்று. ஒரு நாள் துப்பாக்கியை மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். திரும்பிப் போகவில்லை. அக்கா வீட்டில் பின்னறை காலியாக இருந்தது. அங்கே போய் விழுந்தேன்.

எனக்கு உருப்படியாகத் தெரிந்த இன்னொரு காரியம் டிரவுட் மீன் பிடிப்பது. மலையோடையில், குளிர்ந்த ஓட்டத்தில் இருக்கிற மீன். மகா சந்தேகப் பிராணி. அதை வைத்தே ஒரு பகல் வேலை வாய்த்தது. மீன்வள அலுவலகத்தில், ஓடையில் டிரவுட்டைத் தூண்டிலில் பிடித்து, எண் போட்ட பிளாஸ்டிக் இழை டேக் குத்தி, மறுபடி தண்ணீரில் விடுகிற வேலை. கருவி எது தெரியுமா? அதே துப்பாக்கி. என் ராசி அப்படி.

மேற்பார்வையாளர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

"மூணு நாள் டைம். பன்னிரண்டு மீன். போட்டாச்சுன்னா வேலை உனக்கு. இல்லேன்னா அடுத்த ஆள்."

"சரி சார்."

"டேக்கை முதுகுத் துடுப்புக்குக் கீழ குத்தணும். குத்தினதும் லேசா ஒரு தடவை இழுத்துப் பாரு. கையோட வரலேன்னா சரி. ஒரு தடவை போதும். மீனைப் படுத்தாத."

"ஏற்கனவே டேக் இருந்தா?"

"அந்த நம்பரை எழுதிட்டு விட்டுடு. அது உன் கணக்குல வராது. நீ போடற வெள்ளை டேக்தான் கணக்கு. பழைய மஞ்சள் டேக் மீனும் சிலது கிடக்கும்."

முதல் இரண்டு நாளில் ஏழு போட்டேன். இரண்டு மஞ்சள் டேக் மீனும் மாட்டின. இரண்டு வருஷத்துக்கு முந்தைய டேக். பாசி பிடித்து, வெளுத்து, குத்தின இடத்தில் தோல் மூடியிருந்தது. எண்ணை எழுதிவிட்டு விட்டேன்.

மூன்றாம் நாள் காலை, மாமா செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"என்ன மாப்ளே, இன்னைக்கு அஞ்சும் மாட்டுமா? இல்ல, கிடங்குக்கு நானே போன் போட்டுச் சொல்லட்டா?"

"சாப்பிடறவன்கிட்ட என்ன பேச்சு இது?" என்றாள் அக்கா.

"கேக்கத்தானே செஞ்சேன்? சட்டை ஓடாது, மீன் ஓடும். இவன் சட்டைக்குத்தான் பழக்கம்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அஞ்சு மீன். இல்லாவிட்டால் மறுபடி அந்த வெள்ளை விளக்கு. அந்த டக், டக், டக்.

டிரவுட் எப்போதும் ஓட்டத்துக்கு எதிராக, மேலே பார்த்து நிற்கும். அதனால் பிடிக்கிறவன் கீழிருந்து, அதன் முதுகுப் பக்கமாக ஏறிப் போக வேண்டும். உனக்கு மேலே வேறு ஒருவன் தண்ணீரில் இறங்கிவிட்டால் உன் பிழைப்பு போச்சு. அவன் காலில் கலங்கின மண் கீழே வரும். மீன் எல்லாம் கல்லுக்கடியில் போய்விடும். எனவே முன்னால் போனவனுக்குத்தான் ஓடை. இது எழுதாத சட்டம்.

அந்த ஓடையில் ஐந்து மடுக்கள். ஓட்டம் தேங்கி ஆழமாகிற இடங்கள். கீழ் மடுவில் நான் இறங்கியபோது மணி ஒன்று. ஊசியிலை மரங்களுக்கு நடுவே லேசாக மூட்டம். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. இடுப்பு வரை ரப்பர் பூட்ஸ். இறகில் கட்டிய பொய் ஈயை வீசினேன்.

1:15. முதல் மீன்.

கைவலையில் ஏந்தித் தூக்கினேன். முதுகில் மஞ்சள் டேக். 118.

சரி, பழசு என்று நினைத்தேன். பிறகு பார்த்தேன். டேக்கில் பாசி இல்லை. பளபளவென்று புதுசு. குத்தின இடத்தில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எவனோ எனக்கு முன்னால் இறங்கியிருக்கிறான். சற்று முன்புதான் குத்தி விட்டிருக்கிறான். எழுதினேன். விட்டேன்.

1:58. இரண்டாவது மடு. 119. அதே மஞ்சள். அதே புது ரத்தம்.

2:40. 120.

வரிசையாக வருகிறது. புரிகிறதா? நான் ஏற ஏற, எண்ணும் ஏறுகிறது. மேற்பார்வையாளர் போட்டிக்கு இன்னொருவனை அனுப்பியிருக்கிறார் என்று முடிவு கட்டினேன். இரண்டு பேரை ஒரே ஓடையில் இறக்கிவிட்டு வேடிக்கை பார்க்கிறார். மேலே பார்த்துக் கத்தினேன்.

"யாருங்க அது? நானும் இங்கதான் இருக்கேன்! ஆளுக்கு ஒரு மடுன்னு பிரிச்சுக்கலாம்!"

காது கொடுத்துக் கேட்டேன். தண்ணீர்ச் சத்தம் மட்டும்.

ஒரு விஷயம் உறுத்தியது. டேக் குத்தின மீன் அன்றைக்கு முழுக்க இரை எடுக்காது. மிரண்டுபோய்க் கிடக்கும். நானே இரண்டு நாளாகப் பார்த்திருக்கிறேன். இவை மட்டும் குத்தின கையோடு எப்படி என் ஈயைக் கவ்வுகின்றன?

அதை யோசிக்க எனக்கு நேரமில்லை. இன்னும் ஐந்து மீன். ஒன்றுகூட ஆகவில்லை.

3:25. மூன்றாவது மடு. 121. அங்கே கரைப்பாறை காய்ந்திருந்தது. அதன் மேல் ஈரக் காலடிகள். பூட்ஸ் தடம். தண்ணீரிலிருந்து ஏறி, பாறையைக் கடந்து, மறுபடி தண்ணீரில் இறங்கியிருந்தது. நான் குனிந்து தொட்டேன். சொட்டச் சொட்ட ஈரம். போய் ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

ஓடையோ நேராகப் போகிறது. ஐம்பது அடிக்கு மறைவே இல்லை.

ஆள் இல்லை.

3:50. 122.

வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஓடையை, மீனை, மாமாவை, யாரையும் விடவில்லை.

4:31. நான்காவது மடு. 123. அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. மஞ்சளைப் பிடுங்கிவிட்டு அந்த ஓட்டையிலேயே வெள்ளையைக் குத்திவிட்டால் யாருக்குத் தெரியும்? மீனை வலையோடு தண்ணீருக்குள் பிடித்தேன். மஞ்சள் இழையை விரலில் சுற்றினேன்.

மேலே சத்தம்.

டொக்.

கல்லில் பூட்ஸ் ஆணி படுகிற சத்தம். நிமிர்ந்தேன். மூட்டம் இறங்கியிருந்தது. தண்ணீரில் ஒரு மண்புகை மிதந்து வந்து என் முழங்காலைக் கடந்தது. ஒரு காலடி மண்ணைக் கிளப்பினால் வருமே, அந்த அளவு. இன்னொன்று. பிறகு இன்னொன்று. நிதானமாக யாரோ நடக்கிறார்கள்.

"பிடுங்கலைய்யா!" என்றேன். எதற்கு அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது.

மண்புகை நின்றது.

123ஐ விட்டேன். வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் மணி ஐந்துகூட ஆகவில்லை, இன்னும் ஒரு மடு பாக்கி. வெறும் கையோடு போய் மாமா முகத்தில் எப்படி விழிப்பது?

ஐந்தாவது மடு. இரண்டு பெரிய பாறைகளுக்கு நடுவே கறுத்த தண்ணீர். ஆள் இல்லை. கலங்கல் இல்லை. வீசினேன்.

5:12.

நல்ல கனம். வலையில் ஏந்தினேன். முதுகைப் பார்த்தேன். சுத்தம். டேக் இல்லை!

அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தேன். ஒன்றாவது என் கணக்கு. வலையைத் தண்ணீருக்குள் இறக்கி, முழங்காலால் அணைத்துக்கொண்டு, பையிலிருந்த துப்பாக்கியை எடுக்கத் திரும்பினேன். ஐந்து விநாடி. அதற்கு மேல் இருக்காது.

டக்.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். ஆறு வருஷம் கேட்ட சத்தம்.

என் துப்பாக்கி இன்னும் பைக்குள் இருந்தது.

குனிந்து பார்த்தேன். மீன் முதுகில் மஞ்சள் டேக். 124. ரத்தம் நூல் மாதிரித் தண்ணீரில் இறங்கியது.

டேக் தானாக நிமிர்ந்தது. ஓட்டத்துக்கு எதிராக.

ஒரு இழுப்பு...

இன்னொரு இழுப்பு...

பிறகு தளர்ந்தது.

வலையைப் போட்டுவிட்டு ஓடினேன். ரப்பர் பூட்ஸில் ஓட முடியாது. விழுந்தேன். எழுந்தேன். கரையைப் பிடித்து ஏறும்போது முதுகில் ஏதோ பிடித்தது. கிளை. கிளைதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு இழுப்பு.

இன்னொரு இழுப்பு.

விட்டுவிட்டது.

திரும்பிப் பார்க்கவில்லை.

அலுவலகம் போனபோது 6:10. மேற்பார்வையாளர் கிளம்பிக்கொண்டிருந்தார். 124ஐயும் வழியிலேயே எழுதி முடித்திருந்த நோட்டை அவர் மேஜையில் எறிந்தேன்.

"எனக்கு மேல ஆளை இறக்கிட்டு என்கிட்ட பன்னிரண்டு கேட்டா எப்படி சார்?"

"ஆளா? இன்னைக்கு ஓடையில நீ மட்டும்தான்."

"அப்ப இது என்ன?"

வாசித்தார். 118. 119. 120. விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. 124இல் நின்றது. எழுந்துபோய் இரும்பு அலமாரியைத் திறந்தார். உள்ளேயிருந்து ஒரு காகித உறை. அரக்கு வைத்து ஒட்டி, மேலே இரண்டு பேர் கையெழுத்து.

"உனக்கு முன்னாடி இந்த வேலையைப் பாத்தவர். ரெண்டு வருஷம் ஆச்சு. அஞ்சாவது மடுவுல கால் பாறைக்கு நடுவுல சிக்கிடுச்சு. மறுநாள்தான் உடம்பை எடுத்தாங்க. இது அவர் சட்டைப் பையில இருந்தது. அன்னைக்கு வச்சது. யாரும் தொடலை."

உறையின் மேல் எழுதியிருந்தது: மஞ்சள் டேக், 118 முதல் 142 வரை, இருபத்தைந்து, பிரிக்காதது.

அரக்கு உடையவில்லை. என் கண்ணெதிரே கிழித்தார். எண்ணினார். மறுபடி எண்ணினார்.

பதினேழு. முதல் டேக்கின் எண் 126.

"நீ ஏழு மீன்தானே எழுதியிருக்க?" நோட்டை மறுபடி புரட்டினார். "நூத்தி இருபத்தஞ்சு எங்க?"

"தெரியாது சார். 124 கடைசி. அதைக் குத்தினதும் ரெண்டு தடவை இழுத்துச்சு... நான் பாத்தேன்."

கையிலிருந்த டேக்குகளை அவர் மேஜையில் வைத்தார்.

"எத்தனை தடவை?"

"ரெண்டு."

"அவர் ஒருத்தர்தான் ரெண்டு தடவை இழுப்பார். ஒரு தடவை போதும்யான்னு நான் தலைபாடா அடிச்சுக்குவேன். கேக்கவே மாட்டார்."

வீட்டுக்கு வந்தபோது ஏழரை. அக்கா ஈரத் துணியைக் கழற்றச் சொல்லி என் பின்னால் வந்தாள். திடீரென்று சிரித்தாள்.

"என்னடா இது? முதுகுல விலைச்சீட்டோட திரியறே? கிடங்கு வேலை இன்னும் விடலையா உன்னை?"

பிடித்து இழுத்தாள். நான் அலறினேன்.

மேல்கோட்டு, ஸ்வெட்டர், சட்டை, பனியன். நான்கையும் தாண்டி உள்ளே போயிருந்தது. மாமா கத்தரியால் துணியை வெட்டி விலக்கினார். அன்றைக்கு அவர் ஒரு நக்கல்கூடச் சொல்லவில்லை. மஞ்சள் இழை என் தோளெலும்புக்குக் கீழே, சதைக்குள் இறங்கியிருந்தது. சுற்றி ஒரு பொட்டு ரத்தம்.

125.

மறுநாள் மருத்துவமனையில் கீறி எடுத்தார்கள். அன்று மாலையே மேற்பார்வையாளர் போன் செய்தார். வேறு யாரும் வர மாட்டேன் என்கிறார்களாம். பன்னிரண்டு வேண்டாம், வேலை எனக்கே என்றார். நான் போனை வைத்தேன். இரண்டு நாள் கழித்துக் கிடங்குக்கு நானே போன் போட்டேன். இப்போது மறுபடி ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு. டக், டக், டக். ஓடையிலிருந்து எண்பது கிலோமீட்டர். நான் அளந்து பார்த்தேன்.

அளந்ததற்குக் காரணம் இருக்கிறது. முதல் நாள் மேற்பார்வையாளரிடம் ஒன்று கேட்டேன். பிடித்த மீனை எதற்கு சார் டேக் குத்தி விடுகிறோம்?

"மறுபடி பிடிக்கும்போது, அது எவ்வளவு தூரம் போயிருக்குன்னு பாக்கறதுக்குத்தான்."