தனியாகத் திறக்க மாட்டேன்

என் அக்கா வீட்டுக்காரரை லிஃப்ட் மெக்கானிக்குகள் மத்தியில் "பூட்டு" என்று சொன்னால்தான் தெரியும். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் முதலில் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன் சொந்தப் பூட்டைத் தொங்கவிட்டு, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் வேலையில் கை வைப்பார். இருபத்திரண்டு வருஷமாக இப்படித்தான். நானும் அதே கம்பெனியில் மெக்கானிக். பிடிவாதம் அவருக்கு, வாய்த்துடுக்கு எனக்கு. இந்தக் கதையில் தப்புப் பண்ணினவன் நான், திட்டு வாங்கினது அவர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒன்பது மாடிக் கட்டடம், மத்தியான நேரம். நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஒரு டீச்சரம்மா. மாமா போய் கரண்டை நிறுத்திப் பூட்டுப் போட்டார். அதற்கு மேல் ஒரே ஆளால் ஆகாது. மேலே மோட்டார் ரூமில் ஒருவன் பிரேக்கைக் கையால் மெல்லத் தளர்த்த வேண்டும். கீழே கதவருகே இன்னொருவன் நின்று "போதும், நிறுத்து" என்று குரல் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டுத் தனியாகத் திறந்து ஆளை இழுக்கும்போது லிஃப்ட் அசைந்தால் பாதி உடம்பு உள்ளே, பாதி வெளியே. அப்படிப் போன ஒருத்தரைத் தூக்கி வந்தவர் மாமா.

மேலே நிற்க வேண்டியவன் நான். பிரேக்கைத் தளர்த்துகிற லீவரை முந்தைய கட்டடத்திலேயே மறந்து வைத்துவிட்டு, பாதி வழியில் ஞாபகம் வந்து திரும்பிப் போனேன். நாற்பது நிமிஷம் போயே போய்விட்டது. "இதோ வந்துட்டேன் மாமா" என்று போனில் புளுகினேன். அவர் கதவருகே "ஆள் வருதும்மா, பயப்படாதீங்க" என்று ஒருமுறை சொல்லிவிட்டு, படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். விடிவதற்குள் வீட்டை விட்டுக் கிளம்பிய மனிதருக்குப் பசிக்காதா?

நான் போய்ச் சேர்ந்ததும் இருவருமாக டீச்சரம்மாவைப் பத்திரமாக வெளியே எடுத்தோம். அதற்குள், அந்த மாடியில் குடியிருக்கும் ஒருவர் மாமா சாப்பிட்டதை வீடியோ எடுத்து நெட்டில் போட்டிருந்தார். பதினாலு நொடி. உள்ளே ஒரு பெண் கத்துகிறார், வெளியே ஒருவர் நிதானமாக மென்றுகொண்டிருக்கிறார். ஊரே கொதித்துவிட்டது. "இவன் மனுஷனா?" என்று ஆரம்பித்து, பெற்ற தாய்வரை இழுத்தார்கள். பொத்தானை அழுத்துவதைத் தவிர லிஃப்டைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாதவர்கள் எல்லாம் மாமாவுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தார்கள். ஒவ்வொருத்தனுக்கும் பதில் எழுதித் தீர்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். அக்கா போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நீ ஒழுங்கா லீவரோட போயிருந்தா இவ்வளவும் இல்லடா" என்றாள்.

நாலாவது நாள் மாமா என்னையும் கூட்டிக்கொண்டு டீச்சரம்மா வீட்டுக்குப் போனார்.

"நான் உக்காந்தது தப்பில்லம்மா. சாப்பிட்டதும் தப்பில்ல. ஆனா உங்களுக்குப் பேச்சுக் குடுத்துக்கிட்டே இருந்திருக்கணும். ஏன் லேட்டாகுதுன்னு சொல்லியிருக்கணும். அது என் தப்பு. மன்னிச்சிடுங்க."

அந்தம்மா எங்களை உட்காரச் சொன்னார். "நீங்க போயிட்டீங்கன்னு நினைச்சேன். அதான் அப்படிக் கத்தினேன். இத்தனை லட்சம் பேர் எனக்காகக் கோபப்பட்டாங்களே, ஒருத்தராவது என்கிட்ட வந்து என்ன நடந்துச்சுன்னு கேட்டாங்களா?"

மறுநாள் ஆபீஸில் மேனேஜர் மாமாவிடம் ஒரு தாளை நீட்டினார், ஊரிடம் மன்னிப்புக் கேட்கிற அறிக்கை. கேமரா முன்னால் நின்று படிக்க வேண்டும், படிக்காவிட்டால் வேலை கிடையாது. "இனிமேல் யாருக்காகவும் காத்திருக்காமல் உடனே கதவைத் திறப்பேன்" என்று அதில் ஒரு வரி.

"படிச்சிட்டுப் போப்பா. நாலு நாள்ல எல்லாரும் மறந்துடுவாங்க" என்றார் மேனேஜர்.

"அவங்க மறந்துடுவாங்க சார். நாளைக்கு எங்கேயோ ஒரு மெக்கானிக் தனியா நிப்பான். சுத்தி நிக்கிறவங்க இந்த வீடியோவைக் காட்டி, திறடான்னு நெருக்குவாங்க. அவனும் திறந்துடுவான்." மாமா தாளை மடித்து மேஜையில் வைத்தார். "யார்கிட்ட மன்னிப்புக் கேக்கணுமோ கேட்டுட்டேன். மத்தவங்க திட்டினா திட்டிட்டுப் போகட்டும்."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "அப்ப நீ படி."

தாளை வாங்கிக்கொண்டு கேமராவைப் பார்த்தேன். "லீவரை மறந்துட்டு லேட்டா போனவன் நான்தான். என்னைத் திட்டுங்க. ஆனா தனியா திறக்கச் சொன்னா நானும் திறக்க மாட்டேன்" என்றேன். கேமராவை அணைத்துவிட்டார்கள். அடுத்தடுத்துக் கூப்பிட்ட ஒன்பது மெக்கானிக்குகளும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள், ஒருத்தரும் தாளைத் தொடவில்லை. கடைசியில் அந்த வரியை அடித்துவிட்டு மேனேஜரே படித்தார். அவரையும் ஊர் விட்டுவைக்கவில்லை. பாவம், அவர் மூன்று நாள் லீவு போட்டார்.

மாமாவுக்கு வேலை போய்விட்டது. மிச்சம் இருந்த பத்துப் பேரையும் அனுப்பினால் லிஃப்டை யார் பார்ப்பது, அதனால் நாங்கள் தப்பினோம். மாமா இப்போது வேறொரு சின்ன கம்பெனியில் இருக்கிறார்.

எந்தக் கட்டடத்தில் யார் கத்தினாலும், எத்தனை போன்கள் எங்கள் மூஞ்சிக்கு நேராக நீண்டாலும், இரண்டாவது ஆள் வரும்வரை எங்களில் ஒருத்தரும் கதவில் கை வைப்பதில்லை. எடுக்கிறவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். நாங்கள் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, உள்ளே மாட்டிக்கொண்டவரிடம் பேசிக்கொண்டே இருக்கிறோம்.