பெரிய டாக்டர் தட்டிவிட்ட பொத்தான்

கால் புண் பிரிவில் அவளை எல்லோரும் ஸ்கேல் என்றுதான் கூப்பிடுவார்கள். சர்க்கரை நோயாளிகளின் பாதத்தில் வரும் புண்ணை அளந்து குறிப்பது அவள் வேலை. வெள்ளைக் கோட்டின் மேல்பையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்கேல் எப்போதும் துருத்திக்கொண்டிருக்கும். முதலில் அந்தப் பெயர் சுருக்கென்று பட்டது. பிறகு நோயாளிகளே "ஸ்கேல் பொண்ணு வந்தாச்சா" என்று கேட்க ஆரம்பித்ததும், ஊரே முடிவு பண்ணிவிட்டது, இனி நாம் என்ன சொல்ல என்று விட்டுவிட்டாள்.

அவள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். அப்பா பஸ் ஓட்டுகிறார். அம்மா வீட்டிலேயே துணி தைக்கிறாள். மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால் அம்மா "ஆஸ்பத்திரியில ஆராய்ச்சி" என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்வி வருவதற்குள் தையல் மெஷினைக் கடகடவென்று ஓட்டத் தொடங்கிவிடுவாள். என்ன ஆராய்ச்சி என்பது அவளுக்குத் தெரியாது. சில நாட்களில் மகளுக்கே தெரியாது. நாம் செய்வதெல்லாம் ஆராய்ச்சிதானா, இல்லை யாரோ தெரியாத்தனமாக நம்மை இந்த நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்களா என்று தோன்றும்.

ஆராய்ச்சி இதுதான். சர்க்கரை முற்றினால் கால் மரத்துப்போகும். ஆணி குத்தினால்கூடத் தெரியாது. உள்ளங்காலை யாரும் குனிந்து பார்ப்பதுமில்லை. அதனால் நோயாளிகளில் பாதிப் பேருக்கு ஆளுக்கொரு கைக்கண்ணாடி கொடுத்து, தினமும் குளித்ததும் உள்ளங்காலைப் பார்க்கச் சொன்னாள். மீதிப் பேருக்கு வழக்கமான அறிவுரை மட்டும். கண்ணாடி வாங்கியவர்கள் புண் மிளகு அளவில் இருக்கும்போதே ஓடி வந்தார்கள். மற்றவர்கள் அது முற்றிய பிறகு வந்தார்கள்.

"கண்ணாடியில பார்த்தா தெரியும்னு கண்டுபிடிக்கவா ரெண்டு வருஷம்?" என்றாள் அம்மா. கேள்வி நியாயமாகத்தான் இருந்தது.

அந்தக் கட்டுரையைத்தான் இன்றைக்கு ஒரு மருத்துவ இதழுக்கு அனுப்பியாக வேண்டும். முனைவர் படிப்புக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். கட்டுரை வெளிவந்திருக்கத் தேவையில்லை, ஓர் இதழுக்குப் போய்ச் சேர்ந்திருந்தால் போதும். ஆனால் இதழ் கொடுக்கும் எண்ணை விண்ணப்பத்தில் எழுத வேண்டும். விண்ணப்பம் இன்று மாலையோடு மூடுகிறது. இங்கே அவளுடைய ஒப்பந்த வேலையும் முடியப் போகிறது. இதை விட்டால் அடுத்த வருஷம் வரை வீட்டில் உட்கார்ந்து அம்மா தைக்கும் சட்டைகளுக்குக் காஜா எடுக்க வேண்டியதுதான்.

கடைசி நாள் வரை இழுத்ததற்கு அவள் மட்டும் காரணமில்லை. கட்டுரையில் நாலு பேர். முதல் பெயர் அவளுடையது. இரண்டாவது, கட்டுப் போடும் அறையின் நர்ஸ் அக்கா. தான் வாங்கிய சான்றிதழ் ஒவ்வொன்றும் பெயருக்குப் பின்னால் வரவேண்டும் என்று அக்கா அடம்பிடித்ததில் தலைப்பைவிடப் பெயர் நீளமாகிவிட்டது. மூன்றாவது, புள்ளிவிவரம் பார்க்கும் கணக்கு சார். கடைசியில், பிரிவின் தலைவரான பெரிய டாக்டர். ஒவ்வொரு வரைவையும் வாங்கிப் படித்துவிட்டு ஓரத்தில் "ஏன்?" என்று மட்டும் எழுதித் திருப்பித் தருவார். அந்த ஏனுக்கு அவள் ஒரு பத்தி எழுதுவாள். அந்தப் பத்திக்குப் பக்கத்தில் இன்னொரு "ஏன்?" வரும்.

காலையில் வந்ததும் இதழின் இணையதளத்தில் உட்கார்ந்தாள். பொண்ணு பார்க்க வந்தவர்கள்கூட அவ்வளவு கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். தலைப்பு என்ன, அதைச் சுருக்கினால் என்ன, யாரிடமாவது பணம் வாங்கினீர்களா, நோயாளிகள் சம்மதித்தார்களா, வேறெங்காவது இதை ஏற்கனவே அனுப்பினீர்களா. வரைபடம் மங்கலாக இருக்கிறது என்று இரண்டு முறை துப்பியது. பெரிதாக்கிக் கொடுத்தால் கனம் அதிகம் என்றது. கடைசியில் ஒருவழியாக விழுங்கியது. 'சமர்ப்பி' என்ற பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டு, சக்கர நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினாள். சுற்றியது போதாமல் எதிர்ப்பக்கமாகவும் ஒரு சுற்று.

நர்ஸ் அக்கா எட்டிப் பார்த்தாள். "தலை சுத்தி விழுந்தா நான்தான் கட்டுப் போடணும்."

"போட்டுடலாம் அக்கா. நம்ம பேப்பர் போயிடுச்சு."

இன்னும் ஒரு படிதான் பாக்கி. மற்ற மூவருக்கும் இதழ் மெயில் அனுப்பும். "ஆமாம், நானும் இதன் கட்டுரையாளர்தான்" என்று அவரவர் ஒரு பொத்தானைத் தட்ட வேண்டும். மூவரும் தட்டினால் எண் வரும். நர்ஸ் அக்கா கையுறையைக் கழற்றி அங்கேயே தட்டினாள். கணக்கு சார் வீட்டிலிருந்து தட்டினார், கூடவே அட்டவணையில் ஒரு தசமப் புள்ளி இடறுகிறது என்று செய்தியும் அனுப்பினார். பிறகு அவளுக்கு இதழிலிருந்து மெயில் வந்தது. நாற்காலியைச் சுற்றத் தயாராகக் காலை ஊன்றிக்கொண்டு திறந்தாள்.

'கட்டுரையாளர்களில் ஒருவர், தாம் இக்கட்டுரையை எழுதியவர் அல்ல என்று தெரிவித்துள்ளார். சமர்ப்பிப்பு நிறுத்தி வைக்கப்படுகிறது.' கீழே பெரிய டாக்டரின் பெயர். அதற்கும் கீழே இரண்டு பொத்தான்கள். இவர் பெயரை நீக்கித் தொடர்க. சமர்ப்பிப்பை ரத்து செய்க.

அவள் அதை இரண்டாம் முறை படித்தாள். எழுதியவர் அல்ல. சொல்லிவிட்டார். இதில் என் பெயர் இருந்தால் எனக்கு அவமானம் என்று முகத்துக்கு நேராகச் சொல்ல மனசில்லாமல் பொத்தானில் சொல்லிவிட்டார். அத்தனை ஏனுக்கும் பதில் எழுதிவிட்டோம் என்று நினைத்தோமே, எதுவும் பதில் இல்லை போல. கண்ணாடியில் பார்த்தால் தெரியும். ஆமாம், இதற்கு எந்த டாக்டர் பெயர் கொடுப்பார்?

கணக்கு சாருக்குப் போன் போட்டாள்.

"அவர் பேரை நீக்கிட்டுப் போய்க்கிட்டே இரும்மா. ஒரே தட்டு. நம்பர் வந்துடும்."

"அவர் இதுல ஒண்ணுமே பண்ணலையா சார்?"

"பண்ணினாரு. அவரே இல்லைங்கிறாரே, நாம என்ன செய்ய?"

விரல் அந்தப் பொத்தானுக்கு மேல் நின்றது. நின்றதே தவிர இறங்கவில்லை. எல்லோருக்கும் கண்ணாடி கொடுத்துவிடலாம் என்று அவள் துள்ளியபோது, "பாதிப் பேருக்குக் கொடுக்காதே, அப்பத்தான் உனக்கே தெரியும்" என்று நிறுத்தியவர் அவர். அது இல்லாவிட்டால் இது கட்டுரை இல்லை, வெறும் ஆசை. என்னை வேண்டாம் என்றாலும் அவர் வாயால் சொல்லட்டும். எழுந்து ஓடினாள்.

பெரிய டாக்டர் புறநோயாளி அறையில், முடிதிருத்தும் கடைக்காரர் ஒருவரின் காலை மடியில் வைத்திருந்தார். நர்ஸ் அக்கா பக்கத்தில் பஞ்சோடு நின்றாள்.

"வா ஸ்கேல். இவர் புண் அளந்தாச்சா?"

"அளந்தாச்சு சார். நம்ம பேப்பர்ல உங்க பேரு வேண்டாம்னு நினைக்கிறீங்களா?"

"யாரு சொன்னா?"

"நீங்கதான் சார் சொல்லியிருக்கீங்க."

போனை நீட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார். பிறகு மூக்குக்கு இறக்கிப் படித்தார். காலைக் கீழே வைக்க மறந்துவிட்டார்.

காலை நேரத்தில் பெரிய டாக்டர் அடிக்கும் கூத்து அந்தப் பிரிவுக்கே தெரியும். காசுக்காக எதையும் அச்சடிக்கும் போலி இதழ்கள் அவருக்கு மெயில் அனுப்பிக்கொண்டே இருக்கும். 'உலகம் போற்றும் பேராசிரியரே' என்று ஆரம்பிக்கும். அவர் காப்பி குடித்துக்கொண்டே ஒவ்வொன்றையும் உரக்கப் படித்து, வேண்டாம், வேண்டாம் என்று தட்டித் தள்ளுவார். தினமும் அதைக் கேட்டுச் சிரிக்கிறவள்தான் அவளும். இன்று மட்டும் அது ஞாபகத்துக்கே வரவில்லை.

"மதிப்பிற்குரிய பேராசிரியரேன்னு இருந்துச்சும்மா," என்றார் சன்னமாக. "நீங்க எழுதின கட்டுரைன்னு வேற போட்டிருந்தான். எழுதாத கட்டுரைக்கு என்னை இழுக்கிறான் பாரு, என்ன துணிச்சல்னு நர்ஸ்கிட்டகூடச் சொன்னேன்."

"சொன்னீங்க சார்," என்றாள் நர்ஸ் அக்கா. "நானும் சிரிச்சேன்."

"தடுத்திருக்கக் கூடாதா?"

"தலைப்பைப் படிச்சிருந்தா தடுத்திருப்பேன். நீங்க மதிப்பிற்குரியவரோட நின்னுட்டீங்க."

கடைக்காரர் படுத்தபடியே கேட்டார். "அப்ப நீங்க எழுதினதை நீங்களே இல்லைன்னுட்டீங்களா டாக்டரே?"

"காலை ஆட்டாதீங்க."

"கால் உங்க கையிலதான் இருக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் கூடவே வந்து வாசலில் முட்டிக்கொண்டதால் இரண்டும் சேர்ந்து விக்கலாக வெளியே வந்தது. பெரிய டாக்டர் போனைத் திருப்பிக் கொடுத்தார். "என் பேரை எடுத்துடும்மா. என்னால உன் படிப்பு போக வேண்டாம்."

"எடுக்க மாட்டேன் சார்."

"ஏன்?"

"இதுக்கும் ஒரு பத்தி எழுதணுமா சார்? நேரமில்லை."

நர்ஸ் அக்கா பஞ்சால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ரத்து செய்தாள். முதலிலிருந்து ஆரம்பித்தாள். அதே தலைப்பு, அதே சுருக்கம், பணம் வாங்கினீர்களா, இல்லை, சம்மதித்தார்களா, ஆமாம். வேறெங்காவது அனுப்பினீர்களா என்று கேட்டபோது, உங்களுக்கேதான், கொஞ்ச நேரம் முன்னாடி என்று எழுதக் கை துறுதுறுத்தது. வரைபடம் இந்த முறை ஒரே வாயில் இறங்கியது. கணக்கு சார் தன் தசமப் புள்ளியையும் இந்தச் சாக்கில் நேராக்கிக்கொண்டார். அவரும் நர்ஸ் அக்காவும் மெயில் வந்த கையோடு தட்டிவிட்டார்கள்.

பெரிய டாக்டர் அடுத்த நோயாளியைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் மேஜைக்கே வந்தார். பின்னாலேயே கடைக்காரர், கட்டுப் போட்ட காலோடு, தடியூன்றி.

"நீங்க எங்க?" என்றாள் நர்ஸ் அக்கா.

"நானும் கண்ணாடி வாங்கின ஆள்தான். முடிவு தெரியாம எப்படிப் போறது?"

மெயில் வந்தது. மதிப்பிற்குரிய பேராசிரியரே. யாரும் சிரிக்கவில்லை. அடியில் இரண்டு பொத்தான்கள், ஒன்று ஆமாம், ஒன்று இல்லை. "மேல இருக்கிறதா, கீழ இருக்கிறதா?" என்றார் பெரிய டாக்டர். அறுவை அரங்கில் தடுமாறாத விரல் இரண்டுக்கும் நடுவே மேலும் கீழும் போய் வந்தது. நர்ஸ் அக்கா தன் கட்டைவிரலால் கீழ்ப் பொத்தானை மறைத்துப் பிடித்துக்கொண்டாள். "இப்பத் தட்டுங்க சார். தப்பாத் தட்டினா என் விரல்தான்."

தட்டினார்.

எண் வந்தது. எழுத்தும் இலக்கமும் கோடுமாக, ரயில் மாதிரி நீளமாக. அவள் அதை விண்ணப்பத்தில் ஒட்டி, சரிபார்த்து, இன்னொரு முறை சரிபார்த்து அனுப்பினாள். விண்ணப்பம் பெற்றுக்கொள்ளப்பட்டது என்று திரை சொன்னது. யாரும் கைதட்டவில்லை. கடைக்காரர் மட்டும் தடியால் தரையை டொக்கென்று தட்டினார். அவள் நடைபாதையில் ஓடினாள். ஓடக் கூடாது என்று சுவரில் எழுதியிருந்தது. அதையும் தாண்டி ஓடிப் படிக்கட்டில் உட்கார்ந்து அப்பாவுக்குப் போன் போட்டாள். அப்பா பணிமனையில் அடுத்த நடைக்காகக் காத்திருந்தார்.

"அப்பா, அனுப்பிட்டேன்."

"அச்சுல வந்துடுச்சா?"

"இல்லப்பா. அனுப்பியிருக்கேன்."

"ஏத்துக்கிட்டாங்களா?"

"இன்னும் படிக்கவே இல்லப்பா. திருப்பி அனுப்பினாலும் அனுப்பிடுவாங்க."

"அப்புறம் எதுக்கும்மா இப்படி மூச்சு வாங்குது?"

தெரியவில்லை. சிரித்தாள். அங்கே அப்பாவும் காரணம் புரியாமலே சிரிக்க ஆரம்பித்தார். பக்கத்தில் யாரோ, "என்னய்யா, லாட்டரியா?" என்றார்.

"இல்லய்யா. என் பொண்ணு ஒண்ணு எழுதி அனுப்பியிருக்கா."

"என்ன எழுதியிருக்கு?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். "இரு, ஸ்பீக்கர்ல போடுறேன். நீயே சொல்லிடும்மா."

சொன்னாள். மரத்துப்போகும் கால், தெரியாமல் வரும் புண், கைக்கண்ணாடி. இதுவரை யாருக்கும் இவ்வளவு எளிதாகச் சொல்ல அவளுக்கு வந்ததில்லை. முடித்ததும் ஒரு குரல், "எனக்குச் சர்க்கரை இருக்கும்மா, எப்படிப் பார்க்கணும்?" என்றது. "எனக்கும்தான்," என்றது இன்னொன்று.

"முதல்ல ஷூவைக் கழட்டுங்க," என்றாள்.

போனில் தொப், தொப் என்று சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் அப்பாவின் குரல். "யோவ், பஸ்ஸோட சைடு கண்ணாடியைத் திருப்பாதய்யா. அதுல பார்த்துத்தான் நான் வண்டியை எடுக்கணும்."