தள்ளுவண்டிக்கு அடியில் எண்பது வாட்ஸ்

மகளுக்கு அப்போது எட்டு மாதம். மல்கிரேவில் வாடகை வீடு. பிள்ளையார் சதுர்த்திக்கு த பேசின் என்ற ஊரிலிருக்கும் கோயிலுக்கு இருநூறு வடை கொண்டுவருவதாக மனைவி வாக்குக் கொடுத்துவிட்டாள். வீட்டுக்குள் பொரித்தால் எண்ணெய் வாசம் கார்ப்பெட்டில் ஏறும். அடுத்த இன்ஸ்பெக்‌ஷனில் வீட்டைச் சோதிக்க வரும் ஏஜென்ட் மூக்கைச் சுளிப்பார். அதனால் இங்கே நம்மவர்கள் பலரையும் போல நாங்களும் காரை வெளியே நிறுத்திவிட்டு கராஜைச் சமையலறை ஆக்கினோம்.

கராஜில் பிளக் பாயிண்ட் கூரையில் இருந்தது. அதனால் துணி துவைக்கும் லாண்டரி அறையிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்தேன். உருளையில் சுற்றிய இருபத்தைந்து மீட்டர் வயரில் நான்கு மீட்டர்தான் தேவைப்பட்டது. மீதி சுற்றியபடியே கிடந்தது. காலில் தட்டக் கூடாது, எண்ணெய் தெறிக்கக் கூடாது என்று அந்த உருளையை, கராஜின் குளிருக்குப் போர்வைக்குள் மகள் படுத்திருந்த தள்ளுவண்டியின் கீழ்க்கூடைக்குள் வைத்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

எலெக்ட்ரிகல் படித்துவிட்டு சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் காலம் தள்ளுபவன், கணக்குப் போட வாய்ப்புக் கிடைத்தால் விடுவானா? உளுந்துப் பையின் பின்பக்கம் எழுதினேன். 230 வோல்ட். மின்சாரப் பொரிசட்டி இழுப்பது ஒன்பது ஆம்பியர். பெருக்கினால் பவர், 2070 வாட்ஸ். வோல்டேஜை ஆம்பியரால் வகுத்தால் சட்டியின் மின்தடை, இருபத்தைந்தரை ஓம். பிளக் பாயிண்ட் பத்து ஆம்பியர் தாங்கும். எல்லாம் சரி.

இரண்டு மணி நேரம் கழித்து, ஏதோ ரப்பர் வாசம் வருகிறதே என்றாள் மனைவி. நான் உளுந்துப் பையைத் தூக்கிக் காட்டினேன். "கணக்கு போட்டாச்சு. ஒண்ணும் ஆகாது."

வடை தட்ட வந்திருந்த பக்கத்து வீட்டு அன்ரி யாழ்ப்பாணத்துக்காரர். கணக்கையெல்லாம் அவர் பார்க்கவில்லை. தூங்கும் குழந்தையைப் பார்க்கக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"தம்பி, முதல்ல பிள்ளையைத் தூக்கும். கீழ புகையுது."

தூக்கினேனா, மனைவி தூக்கினாளா என்று இன்றுவரை நினைவில்லை. லாண்டரிக்கு ஓடி சுவிட்சை அணைத்தது நினைவிருக்கிறது. திரும்பி வந்து கூடையைப் பார்த்தேன். உருளை உருகி, வயர்ச் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அவ்வளவு பயத்தை நான் அதற்கு முன் அறிந்ததில்லை.

சட்டிக்குக் கணக்குப் போட்டவன் வயரை மறந்திருந்தேன். மின்சாரம் போக இருபத்தைந்து மீட்டர், வர இருபத்தைந்து மீட்டர். அதற்கும் மின்தடை உண்டு; ஏறக்குறைய ஒரு ஓம். ஆம்பியரை ஆம்பியரால் பெருக்கி, மின்தடையாலும் பெருக்க வேண்டும். ஒன்பது, ஒன்பது, ஒன்று. கிட்டத்தட்ட எண்பது வாட்ஸ். வயரை நீட்டி விரித்திருந்தால் அந்தச் சூடு காற்றோடு போயிருக்கும். நான் சுற்றி வைத்து, அதன் மேல் என் பெண்ணைப் படுக்க வைத்திருந்தேன்.

வடை கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தது.  போகும் வழியில் காரில் மனைவி திரும்பி, பின்சீட்டில் இருந்த மகளைத் தொட்டுப் பார்த்தாள்.

"அரை மணிக்கு மேல தூங்காத பொண்ணு, அந்தக் குளிர்ல இன்னைக்கு எப்படிங்க ரெண்டு மணி நேரம் தூங்கினா?"

எனக்குத் தெரியும். வண்டியின் மெத்தையை எடுத்தபோது அதன் அடிப்பக்கம் இன்னும் வெதுவெதுப்பாக இருந்ததைத் தொட்டுப் பார்த்திருந்தேன். நான் ரோட்டையே பார்த்து ஓட்டினேன்.