நிறம் தெரியாமல் வேதியியல் படித்த எங்கள் அண்ணன்

அண்ணன் இல்லாமல் ஓராண்டைக் கடந்து இன்று இந்த வீட்டில் கூடியிருக்கும் உறவினர்கள், நண்பர்கள், அவருடைய மாணவர்கள் அனைவரையும் வணங்கி இதை எழுதுகிறேன். உங்களில் பலர் அவரைக் கல்லூரி ஆசிரியராக அறிவீர்கள். அவர் அந்த இடத்துக்கு எப்படி வந்தார் என்பதை அவர் யாரிடமும் விரிவாகச் சொன்னதில்லை. அதில் ஒரு நாள் நான் நேரில் இருந்தேன். மற்றதை அண்ணி சொல்லக் கேட்டிருக்கிறேன். எழுதும் பொறுப்பை அண்ணிதான் என்னிடம் கொடுத்தார்.

அண்ணன் பிறந்து வளர்ந்தது மரக்காணத்தில், உப்பளத்தை ஒட்டிய தெருவில். அப்பாவும் அம்மாவும் கூலிக்கு உப்பு வாரியவர்கள். நாங்கள் இரண்டே பிள்ளைகள். மழைக்காலத்தில் உப்பளம் நீரில் மூழ்கிவிடும். அந்த மாதங்களில் அம்மா பக்கத்து ஊர்களுக்கு நடவுக்கும் களையெடுப்புக்கும் போவார். கோடை விடுமுறையில் அண்ணனும் பாத்தியில் இறங்கி வேலை செய்தார். உப்பு இறங்கும் முன் பாத்தித் தண்ணீர் லேசாகச் சிவக்கும். சிவந்துவிட்டதா என்று அப்பா கேட்டால் அண்ணன் ஒரு நாள் ஆமாம் என்பார், ஒரு நாள் இல்லை என்பார். இரண்டும் தப்பாகவே இருக்கும். பையன் பராக்குப் பார்க்கிறான் என்று அப்பா திட்டுவார்.

திண்டிவனத்தில் கல்லூரியில் சேர்ந்து வேதியியலில் பட்டம் பெற்றார். அங்கே ஆய்வகத்தில் இருவருக்கு ஒரு மேசை. குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விடும் கரைசல், குடுவையில் உள்ளதன் நிறத்தை மாற்றும் நொடியில் நிறுத்த வேண்டும். அண்ணன் குழாயைத் திருகுவார், மேசைத் தோழர் போதும் என்பார், அண்ணன் மூடுவார். அப்படியே மூன்று வருடம் போய்விட்டது. தன் கண்ணில் ஏதோ இருக்கிறது என்று அண்ணனுக்குத் தெரியும். அதற்கு ஒரு பெயர் உண்டு என்பது தெரியாது.

நுழைவுத் தேர்வு எழுதி, சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில் முதுகலைக்கு இடம் வாங்கினார். எங்கள் தெருவில் அதுவரை யாரும் போகாத படிப்பு. அம்மா உப்பளத்துக்கே கேசரி செய்து எடுத்துப் போனார்.

முதுகலை ஆய்வகத்தில் ஆளுக்கொரு மேசை. முதல் பரிசோதனையிலேயே நிறம் மாறிய நொடி தெரியாமல் அண்ணனின் அளவு எல்லை தாண்டிவிட்டது. திரும்பச் செய்தார், மறுபடியும் தாண்டியது. பக்கத்து மேசையில் வானூரிலிருந்து வந்து சேர்ந்த ஒரு பெண் இருந்தார். நிறம் மாறும்போது சொல்ல முடியுமா என்று அண்ணன் அவரிடம் தணிந்த குரலில் கேட்டார்.

“நான் சொன்னா அது என் ரீடிங். உன் ரீடிங் எப்படி ஆவும்?” என்றாராம் அந்தப் பெண். அண்ணன் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண்ணே மெதுவாகக் கேட்டாராம்: “உனக்கு நெஜமாவே தெரியலயா?”

அதுவரை அண்ணனை யாரும் கேட்டிராத கேள்வி அது. தெரியவில்லை என்று அண்ணன் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான் முதல் தடவை. அந்தப் பெண்தான் இன்று எங்கள் அண்ணி.

மறுநாள் அண்ணன் தானாகவே ஆய்வகப் பொறுப்பில் இருந்த பேராசிரியையிடம் போய் உண்மையைச் சொன்னார். அவர் கண் மருத்துவரிடம் அனுப்பினார். சிவப்பும் பச்சையும் பிரித்துப் பார்க்க முடியாத குறை, பிறவியிலேயே உள்ளது, தாய்வழியில் வருவது, மருந்து கிடையாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். பேராசிரியை கடுமையானவர் அல்லர். இந்த வாரத்துக்குள் என்றால் வேறு துறைக்கு மாற்றிவிட முயல்கிறேன், இங்கே இருந்தால் செய்முறையில் தோற்றுக்கொண்டே இருப்பாய் என்று அக்கறையோடுதான் சொன்னார்.

அண்ணன் உப்பள மேஸ்திரியின் போனுக்குப் பேசினார். அப்பாவின் காதில் விழுந்தது கண் தெரியவில்லை என்பது மட்டும்தான். பெட்டி படுக்கையை எடுத்துவர ஒரு பெரிய பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பினார். பஸ் போர்டு படிக்கத் துணை வேண்டும் என்று, பத்தாம் வகுப்பில் இருந்த என்னையும் கூட்டிப் போனார்.

துறைக் கட்டடத்தின் வாசலில் அண்ணன் எங்களுக்காக நின்றிருந்தார். அப்பா முதலில் அவர் முகத்தைப் பிடித்துத் திருப்பிக் கண்ணைத்தான் பார்த்தார். பார்வை இருக்கிறது, நிறம்தான் தெரியாது என்பது புரிந்ததும் அவருக்குப் பாதி உயிர் வந்தது. மீதிப் பாதி கோபமாக வந்தது.

“ஏம்பா, கலர் தெர்லன்னா இந்தப் படிப்ப ஏன் எடுத்த? வேற எதுனா படி. இல்லன்னா வூட்டுக்கு வா.”

“நான் வர்லப்பா. வேணும்னா அவங்க என்னிய அனுப்பட்டும். நானா வரமாட்டேன்.”

அண்ணன் அப்பாவை எதிர்த்துப் பேசி நான் கேட்டது அன்று ஒரு நாள்தான். குரல் உயரவில்லை.

பிறகு அவர் செய்ததை நான் கண்ணால் பார்த்தேன். எங்களைத் தாழ்வாரத்து பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுப் பேராசிரியையின் அறைக்குப் போனார். கதவு திறந்தே இருந்தது. பக்கத்து ஆய்வகத்தில் கரைசல் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று அளக்கும் மீட்டர் இருக்கிறது, சில சொட்டுகளுக்கு ஒருமுறை அதன் எண்ணைக் குறித்துக் கோடு வரைந்தால், கோடு திரும்பும் இடமே நிறம் மாறும் இடம், அதில் செய்ய என்னை அனுமதியுங்கள் என்று கேட்டார். தான் மட்டும் முடிவு செய்ய முடியாது என்றார் பேராசிரியை. துறைத்தலைவரையும் இன்னொரு பேராசிரியரையும் அழைத்து வந்தார். அளவு தெரியாத ஒரு கரைசலைக் கொடுத்து, இப்போதே செய்து காட்டு என்றார்கள்.

மதியச் சாப்பாட்டு நேரம் கடந்தும் நாங்கள் பெஞ்சிலேயே இருந்தோம். அப்பா பையைப் பிரிப்பதும் மடிப்பதுமாக இருந்தார். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்து வரச் சொல்லி என்னை அனுப்பினார். கதவருகே போய்ப் பார்த்தேன். அண்ணன் வரைபடத் தாளின் மேல் குனிந்திருந்தார். ஒரு கோடு கீழே இறங்கியது, இன்னொன்று மேலே ஏறியது. இரண்டும் வெட்டிய இடத்தில் அவர் பென்சிலை வைத்தார். எழுதிய விடையைத் துறைத்தலைவர் வாங்கிப் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் நீட்டினார். அவர் தலையசைத்தார்.

பேராசிரியை வெளியே வந்து அப்பாவிடம் பேசினார்.

“தம்பி இருக்கட்டுங்க. ஆனா எல்லாத்துக்கும் மெஷின் கெடையாது. ரொம்பக் கஷ்டப்படுவாரு.”

அப்பா எழுந்து நின்றார். “படட்டுங்க” என்றார்.

வெறும் பையோடு நாங்கள் ஊர் திரும்பினோம்.

பேராசிரியை சொன்னது பொய்யாகவில்லை. மீட்டர் உதவாத இடம் ஒன்று இருந்தது. ஒரு பொடியைக் கொடுத்து, அதில் உள்ள உலோகம் எது என்று கரைசலின் அடியில் படியும் வீழ்படிவின் நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் தேர்வு அது. அதில் அண்ணன் தோற்றார். மறுமுறையும் தோற்றார். விடுமுறைக்கு வந்தபோது அம்மா தன் வழியாக வந்த குறை என்று சொல்லிச் சொல்லி அழுதார். அண்ணன் தட்டை வைத்துவிட்டு அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். “உங்கிட்டேர்ந்து இது ஒண்ணுதான் வந்துச்சா? இந்தப் புடிவாதம் யார் குடுத்தது?” என்று கேட்டார். அம்மா அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நிறத்தை விட்டுவிட்டு, எது எதில் கரைகிறது, எது திட்டாகப் படிகிறது, எது மேகம்போல் மிதக்கிறது, எது வெளிச்சத்தில் கறுக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பழகினார். மற்றவர்கள் விடுதிக்குப் போன பிறகும் அண்ணி அவருக்காக ஆய்வகத்தில் இருப்பார். விடையை மட்டும் ஒருநாளும் சொல்லமாட்டார். மூன்றாம் முறை அண்ணன் தேறினார். பெரிய மதிப்பெண் இல்லை. ஆனால் அதை அவர் சொந்தமாகப் பெற்றார்.

படிப்பு முடிந்து ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை கிடைத்து, கண்ணுக்கான நிறப் பரிசோதனையில் அது போனது. ஒரு வாரம் கடற்கரைப் பக்கம் தனியாக நடந்துவிட்டு, ஆசிரியர் வேலைக்கு எழுதிப் போட்டார். புதுச்சேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் சேர்ந்தார். கல்யாணத்துக்கு அண்ணி வீட்டார் சம்மதிக்கச் சில வருடங்கள் ஆயின. சம்மதித்த பின் அவர்களைப்போல் எங்களைத் தாங்கியவர்கள் இல்லை. ஒரு மகள் பிறந்தாள். அண்ணியும் பள்ளியில் வேதியியல் ஆசிரியையானார்.

அண்ணனின் வகுப்பில் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாகச் சேர்ந்த மாணவர்களை முதல் வாரமே ஒவ்வொருவராக அழைத்து, புள்ளிகளுக்குள் எண் மறைந்திருக்கும் நிறப் படங்களைக் காட்டுவார். நிறம் தெரியாத பிள்ளை யாராவது இருந்தால் மற்றவர்களுக்குச் சொல்லாமல் மீட்டர் இருக்கும் மேசையை அந்தப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார். “யாரையும் கேக்காத. இத நம்பு” என்று மட்டும் சொல்வாராம். அப்படிப் படித்த ஒருவர் துக்கம் விசாரிக்க வந்தபோது சொல்லித்தான் இது எங்களுக்கே தெரியும்.

நாற்பதைத் தாண்டியதும் சிறுநீரகம் பழுதானது. வாரத்தில் சில நாட்கள் புதுச்சேரியில் டயாலிசிஸ், மற்ற நாட்கள் கல்லூரி. விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள் என்று கல்லூரியில் சொன்னார்கள். நாங்களும் கெஞ்சினோம். நின்று பாடம் நடத்த முடியாமல் போனதும் ஆய்வகத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நடத்தினார். கடைசியாகக் கல்லூரிக்குப் போனது செய்முறைத் தேர்வுக்குக் கரைசல்களைத் தயாரித்து வைக்க. தேர்வு நாளன்று விடியற்காலையில் அண்ணியின் கையைப் பிடித்தபடியே போய்விட்டார்.

எங்களைத் தாங்கியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஊசி போடும்போதெல்லாம் அவர் கவனத்தைப் பேச்சில் திருப்பிய செவிலியர்களுக்கு நன்றி. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த கோட்டக்குப்பத்து பாய், தன் மகன் காரில் அண்ணனையும் ஏற்றி வந்து வீட்டில் விட்டிருக்கிறார். இறுதிச் சடங்கு நாளில் தன் சிகிச்சையைத் தள்ளிவைத்துவிட்டு வந்து நின்றார். அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் நன்றி. உப்பள வேலையை நிறுத்திவிட்டு வந்து பந்தல் போட்ட எங்கள் தெருவினருக்கும், வானூரிலிருந்து வந்து வீட்டைப் பார்த்துக்கொண்ட அண்ணி வீட்டாருக்கும் நன்றி.

அண்ணன் போன அன்று காலை கல்லூரி முதல்வர் அண்ணிக்கு போன் செய்து, தேர்வைத் தள்ளிவைக்கட்டுமா என்று கேட்டார். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வேணாங்க சார். பசங்க ரெடியா வந்திருப்பாங்க. நடத்துங்க” என்றார். அண்ணன் தயாரித்து வைத்த கரைசல்களிலேயே தேர்வு நடந்தது. மாலையில், அண்ணனை எடுக்கும் நேரத்துக்குச் சற்று முன், மாணவர்கள் கல்லூரியிலிருந்து நேராக வந்து இறங்கினார்கள். சிலர் விரல்களில் ரசாயனக் கறை இன்னும் இருந்தது. வரிசையாக வந்து வணங்கினார்கள். காலையிலிருந்து ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவின் முன் ஒரு மாணவர் மண்டியிட்டு, எல்லோரும் தேர்வை முடித்துவிட்டோம் என்று சொன்னார்.

அப்பா அவருடைய கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

“சரியா வந்துச்சாப்பா?”

“வந்துச்சுங்க ஐயா.”

அந்தப் பிள்ளைகளுக்கு எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.