ஐம்பதில் இருபது

அமெரிக்காவில், பனி கொட்டும் டுலூத் நகரத்துப் பள்ளிப் பேருந்துகளை முப்பத்தோரு வருடம் வயர்லெஸ்ஸில் நடத்தியவள் மார்லிஸ் கெட்டுனன். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஓட்டுநர் சொன்னதை அவள் சொல் மாறாமல் திருப்பிச் சொல்வாள். அவர் சரி என்ற பிறகுதான் வண்டி நகரும். எந்தப் பனியிலும் ஒரு பிள்ளைகூடத் தவறான நிறுத்தத்தில் இறங்கியதில்லை.

கம்பெனி கைமாறியது. புது முதலாளிகள் எல்லோருக்கும் அறிவுத்திறன் தேர்வு வைத்தார்கள். பன்னிரண்டு நிமிடத்தில் ஐம்பது கேள்வி. மார்லிஸ் பழக்கப்படி ஒவ்வொன்றையும் ஒருமுறை படித்தாள், உதடசைத்து இன்னொருமுறை சொல்லிப் பார்த்தாள், பிறகே விடை எழுதினாள். இருபத்தொன்றுதான் எழுத முடிந்தது. அதில் இருபது சரி. தேற இருபத்துநான்கு வேண்டும்.

'கிரகிக்கும் திறன் குறைவு' என்று கடிதம் வந்தது. அன்று அவள் வருடக்கணக்காகச் செய்துவரும் காட்டரிசிச் சூப்பைக் குறிப்புப் புத்தகத்தில் வரி வரியாகச் சரிபார்த்துச் செய்தாள். தெரிந்தது எல்லாம் தெரிந்ததுதானா என்று சந்தேகம் வந்துவிட்டது. பன்னிரண்டு நிமிடம் ஒரு மனுஷியை அந்தப் பாடு படுத்தியது.

அவளை ஓட்டுநர்களுக்குப் பேருந்துச் சாவி எடுத்துக் கொடுக்கும் இடத்துக்கு மாற்றினார்கள். தேர்வில் முப்பத்தெட்டு வாங்கிய பிரைஸ் என்பவன் அவள் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"மூளை கம்மியா இருக்கவங்கதான் சாவி குடுக்கணும்னா, முதலாளியும் இங்க வந்து நிக்கணுமே" என்றார் மூத்த ஓட்டுநர் ரோலி. மார்லிஸுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜனவரியில் ஒரு காலை மழை விழுந்த இடத்திலேயே உறைந்தது. மேட்டுத்தெரு கண்ணாடியாகிவிட்டது, ஏரிச்சாலை வழியாகப் போகிறேன் என்று ரோலி வயர்லெஸ்ஸில் சொன்னார். பிரைஸ், "ஓகே" என்றான்.

"என்ன ஓகே? நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுப்பா."

"ஓகேன்னுதான் சொல்லிட்டேனே."

ரோலி வண்டியை ஓரங்கட்டினார். வயர்லெஸ்ஸில் கேட்டுக்கொண்டிருந்த மற்ற ஓட்டுநர்களும் அப்படியே செய்தார்கள். கால் மணி நேரத்தில் பதினோரு பேருந்துகள், பிள்ளைகளோடு, சாலையோரம் நின்றன.

மேலாளர் ட்ரென்ட் சாவிப் பலகைக்கு ஓடி வந்தான். வண்டிக்குள் பிள்ளைகள் இருந்ததால் மார்லிஸ் உடனே அவனோடு வயர்லெஸ் அறைக்குப் போனாள். மைக்கை வாங்கினாள். ஒவ்வொருவரும் சொன்னதைத் திருப்பிச் சொன்னாள். ஒவ்வொரு வண்டியாக நகர்ந்தது. கோபம் இருந்தது; குரலில் அது ஏறவில்லை.

மாலையில் ட்ரென்ட் ஒரு தாளை நீட்டினான். பழைய நாற்காலி திரும்பக் கிடைக்கிறது, கையெழுத்துப் போட்டால் போதும் என்றான்.

அவள் ஒருமுறை படித்தாள். இரண்டாம் முறை வாய்விட்டே படித்தாள். "தேர்வில் தேறாததால், தற்காலிகமாக."

"அது சும்மா வழக்கமா போடுறதுதான், மார்லிஸ்."

"இருபத்தொண்ணு எழுதினேன், இருபது சரி. அதையும் இதுல போட்டுக் கொண்டாங்க. அப்புறம் கையெழுத்துப் போடுறேன்."

தாளை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டாள். மறுநாளும் உறைமழை என்று வானிலை அறிக்கை சொல்லியிருந்தது. அது ட்ரென்டுக்கும் தெரியும்.